மலைச்சபை ஆயர் கிறிஸ்துமஸ் பிரசங்கத்தை ஆயத்தப்படுத்தும் முறை

நீலகிரியில் ஒரு குருசேகரத்தின் (ஓர் ஆயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) பொறுப்பை ஏற்றிருக்கும் ஆயருக்கு, டிசம்பரில் பிரசங்கம் எழுதுவதற்கென்று தனியே ஒரு நாள் வாய்ப்பது அரிது. தாய்ச்சபையோடு எஸ்டேட்டுகளில் உள்ள கிளைச்சபைகளும் சேரும்போது, கேரல் பவனி, ஓய்வுநாள் பள்ளி விழா, கம்பளி வழங்கும் கூட்டம், இடையில் ஒரு திருமணம், எதிர்பாராமல் வரும் ஓர் அடக்க ஆராதனை என்று மாதம் முழுவதும் நிரம்பிவிடும். ஓய்வு கிடைத்த பிறகு எழுதலாம் என்று காத்திருப்பவர் 24ஆம் தேதி இரவில் வெறும் தாளோடு உட்கார வேண்டியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலம் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரத்திலேயே வேதபகுதியைத் தெரிந்தெடுத்துவிடுங்கள். பகுதி முடிவாகிவிட்டால், அதன் பிறகு நீங்கள் கால் வைக்கும் ஒவ்வொரு வீடும் அதற்கு விளக்கவுரை சொல்லத் தொடங்கும்.

பெரும்பாலும் லூக்கா 2:1-20 பகுதிதான் வாசிக்கப்படும். அதை எடுத்துக்கொண்டால் அதிலேயே நில்லுங்கள். சிறுவர் நாடகத்தில் மேய்ப்பரும், நட்சத்திரத்தைக் கண்டு கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளும் ஒரே மேடையில் நிற்பது வழக்கமாகிவிட்டதால், பிரசங்கத்திலும் அவர்களைச் சேர்த்துவிடத் தோன்றும். மேய்ப்பர்களையும், பிள்ளையைக் கிடத்திய முன்னணையையும் (தீவனத் தொட்டி) சொல்பவர் லூக்கா. சாஸ்திரிகள் ஒரு வீட்டுக்குள் வந்து பிள்ளையைக் கண்டதாகச் சொல்பவர் மத்தேயு, அவரும் அவர்கள் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. இரண்டையும் கலந்தால் இரண்டின் கூர்மையும் போய்விடும். சாஸ்திரிகளின் வருகையை நினைவுகூர ஜனவரி 6 திருநாள் இருக்கிறது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு விடியுமுன் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் ஒரே ஒரு செய்தியைத்தான் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி வீட்டுச் சந்திப்புகள். இவற்றைப் பிரசங்க வேலைக்கு இடைஞ்சல் என்று எண்ணாதீர்கள். ஆயத்தத்தின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. லூக்காவின் இரண்டாம் அதிகாரம் ஓர் அரசாணையோடு தொடங்குகிறது: அகுஸ்துராயன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிடுகிறான், நிறைமாதக் கர்ப்பிணி ஊரைவிட்டுப் புறப்பட வேண்டியிருக்கிறது. நம் மலைக்கு இது தூரத்துக் கதை அன்று. 1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் பல, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இங்கு வந்து சேர்ந்தன. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசு டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களை உருவாக்கியது. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான ஒரு லைன் வீட்டில், விறகடுப்பின் பக்கத்தில் உங்களுக்கு மணை போட்டுவிட்டு, பாட்டி தகரப் பெட்டியிலிருந்து ஓரம் மடிந்துபோன பழைய கடவுச்சீட்டை எடுத்து, அதில் கைக்குழந்தையோடு இருக்கும் தம் படத்தைக் காட்டும்போது, பெத்லகேமுக்குப் போன பயணத்தைப் பற்றி எந்த விளக்கவுரையும் சொல்லாததை நீங்கள் கேட்பீர்கள். அங்கே குறிப்பேட்டைத் திறக்காதீர்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள், ஜெபித்துவிட்டு வாருங்கள், வீடு திரும்பிய பிறகு எழுதிக்கொள்ளுங்கள். பிரசங்கத்தில் அதைச் சொல்லலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள், ஏனென்றால் ஒருவருடைய துயரத்தை உதாரணமாக மட்டும் பயன்படுத்துவது ஆயருக்குத் தகாது.

மேய்ப்பர்களைப் பற்றி எழுதும்போதும் இதே முறை உதவும். இரவில் வெளியில் தங்கி வேலை செய்தவர்களுக்குத்தான் முதல் அறிவிப்பு வந்தது என்பதை, கேத்தி பாலாடா பக்கத்தில் நள்ளிரவுக்குப் பின் பிக்கப் வண்டியில் ஏறி கேரட் அறுவடைக்குப் போகிறவர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. உறைபனி விழுந்த மண்ணில் கையை விட்டுக் கிழங்கைப் பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் சந்தைக்கு லாரியில் ஏற்றியபின்தான் அவர்களுக்கு விடிகிறது. கூடுமானால் ஒருநாள் அந்த வேளையில் அங்கே போய் நின்று பாருங்கள். ஆராதனைக்கு வரமுடியாதவர்கள் யார் என்பதும் அப்போது தெரியும்.

எழுதும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலைகள் கேரல் குழுவுக்குரியவை. தினமும் அரைமணி நேரம் போதும், ஆனால் அந்த அரைமணி நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். முதல் வாரம் வேதபகுதியைச் சத்தமாகப் பலமுறை வாசியுங்கள். இரண்டாம் வாரம் பிரசங்கத்தின் ஒரே கருத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அது ஒரு வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால் கருத்து இன்னும் தெளியவில்லை. மூன்றாம் வாரம் முழுவதையும் எழுதி, வீட்டாருக்கோ, சபை ஊழியத்தில் துணைநிற்கும் உபதேசியாருக்கோ வாசித்துக் காட்டுங்கள். கேட்பவர் எந்த இடத்தில் மறுபடியும் சொல்லச் சொல்கிறாரோ, அந்த இடத்தைத்தான் திருத்த வேண்டும். 1846இல் கேத்தியில் பாசல் மிஷன் ஊழியம் தொடங்கியது; நம் சபைகளில் படகர்களின் மொழியான படுகு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்களும் உண்டு. ஆகவே வாக்கியங்கள் எளிய தமிழில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வருகிறவர்களைக் கடிந்துகொள்ளும் வரி எதுவும் வேண்டாம். வந்திருக்கிறார்களே என்ற மகிழ்ச்சி உங்கள் குரலில் தெரிய வேண்டும். கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டு அந்த ஒரு வாரம் மட்டும் ஊர் திரும்பும் பிள்ளைகள் அவர்களில் பலர்.

கிறிஸ்துமஸ் காலையில் திருவிருந்துக்கு (நற்கருணை) வருவோர் வரிசை நீளமாக இருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். பிரசங்கத் தாளைப் பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்; அதிகாலையில் மின்சாரம் நின்று எமர்ஜென்சி விளக்கில் வாசிக்க நேரலாம், குளிரில் விறைத்த விரல்களுக்குத் தாளைத் திருப்புவதும் கடினம். கேரல் பவனிகளில் தொண்டை கட்டிப்போவது இந்த மலையில் உறுதி. கடைசி இரண்டு இரவுகளாவது பாடுவதை வாலிபரிடம் விட்டுவிட்டு நீங்கள் ஜெபத்தை மட்டும் நடத்துங்கள், வெந்நீர் குடியுங்கள், 24ஆம் தேதி மாலையில் புதிதாக எதையும் சேர்க்காமல் சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

25ஆம் தேதி மதியம், விருந்து அழைப்புகளுக்கு முன்பாக, படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குத் திருவிருந்தை எடுத்துச் செல்லுங்கள். காலையில் சொன்ன பிரசங்கத்தை அங்கே நான்கைந்து வாக்கியங்களில், கட்டிலருகே உட்கார்ந்து, தாள் இல்லாமல் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கான வாக்கியங்களையும் மூன்றாம் வாரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.