மழைக்காலத்தில் மணக்குடிக் காயலை நடந்தே படமெடுப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை வலுக்கும்போது, பழையாற்று வெள்ளம் நாகர்கோவில், சுசீந்திரம் பகுதிகளின் குப்பையையும் சுமந்துகொண்டு கன்னியாகுமரி மாவட்டத்தின் மணக்குடிக் காயலுக்கு வருகிறது. காயல் கடலோடு சேரும் பொழிமுகத்தின் மணல்திட்டு உடைந்ததும் அந்தக் குப்பை கடலுக்குப் போகிறது. அதில் ஒரு பகுதியை அலை மீண்டும் கரையிலேயே ஒதுக்கிவிடுகிறது. குப்பை விழாத கோணத்தைத் தேடி எடுத்த காயல் படங்கள் ஏற்கெனவே ஏராளமாக இருப்பதால், ஆற்றிலிருந்து கடற்கரை வரை குப்பை போகும் வழியிலேயே நடந்து, காயலை இன்றுள்ளபடி படமெடுக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: நாளும் பாதையும்

அதிகாலையில் சுசீந்திரத்தில் பழையாற்றங்கரையில் தொடங்கி, மணக்குடியின் அலையாத்திச் செடிகளைப் பார்த்துவிட்டு, பாலத்துக்கு வந்து சேருங்கள். பழைய பாலம் 2004 ஆழிப்பேரலையில் உடைந்தது. அதன் பின்னர் கட்டப்பட்ட பாலத்தில் நின்றால் ஒருபுறம் காயலும் மறுபுறம் பொழிமுகமும் தெரியும். அங்கிருந்து மேற்கே சொத்தவிளை வரை கடற்கரையோடு நடக்கலாம்.

புறப்படும் முன் வானிலை அறிவிப்போடு கடல் அலை எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள். உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரப் புயலால் எழும் கள்ளக்கடல் திடீரென்று கரையேறும் என்பதால், எச்சரிக்கை உள்ள நாளில் பொழிமுகத்தின் அருகே போகவே கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை காத்திருங்கள். தென்னைமரத்தடி பாதுகாப்பான இடமன்று.

படி 2: கேமராவைக் காத்தல்

தடித்த பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் வளையத்தால் இறுக்கினாலே நல்ல மழைக்கவசம் கிடைத்துவிடும். உலர்ந்த தோர்த்து (துண்டு) இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். என் முதல் மழைக்கால நடையில் அப்படி மாற்றியதால் உப்புச்சாரல் உள்ளே போய், அன்றைய படங்கள் அனைத்திலும் வானத்தில் புள்ளிகள் விழுந்தன. லென்ஸில் சாரல் பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காமல், நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மென்துணியால் ஒற்றியெடுத்த பிறகே துடையுங்கள், ஏனெனில் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும்.

படி 3: மழையும் மேகமும்

மழை கோடுகளாகத் தெரிய 1/60 முதல் 1/125 விநாடி வரையிலான ஷட்டர் வேகம் போதும். துளிகளாக உறைய வேண்டுமானால் 1/1000 தேவைப்படும். வெளிறிய வானத்தின் முன் மழை தெரியாது, ஆகவே பின்னணியில் தென்னந்தோப்போ அலையாத்தியோ இருக்கும்படி நில்லுங்கள். கைப்பேசியில் எடுப்பவர்கள் மேகத்தின் மீது விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் மேகத்தின் கருமை அப்படியே பதிவாகும்.

படி 4: குப்பையைப் படமெடுத்தல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. அலை கடைசியாக வந்து திரும்பிய இடத்தில் கதம்பை (தேங்காய் மட்டை) நாரும் சருகும் பிளாஸ்டிக்கும் ஒரு வரிசையாகக் கிடக்கும். அதன் ஓரமாகக் குனிந்து, கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒரு பொருளை முன்னால் பெரிதாகவும் காயலையோ கடலையோ பின்னால் முழுதாகவும் வையுங்கள்.

எடுப்பதற்கு முன் பொருளைக் கூர்ந்து பாருங்கள். ஒரு முறை நீல நைலான் வலைத்துண்டில் சிக்கிய ஒற்றைச் செருப்பைக் கண்டேன். அதன் அடியில் கொட்டலசுகள் (கடலில் மிதக்கும் பொருள்களில் ஒட்டி வாழும் ஓடுள்ள சிற்றுயிர்கள்) நெருக்கமாக ஒட்டி வளர்ந்திருந்தன. அப்படியென்றால் அது நெடுநாள் கடலில் மிதந்து வந்த பொருள். பக்கத்திலேயே கிடந்த ஷாம்பு உறையின் மடிப்பில் ஆற்று வண்டல் இன்னும் ஈரமாக இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட மெல்லிய பைகளும் அந்த வரிசையில் இருந்தன. இந்த அடையாளங்களைத் தனியே அருகிலிருந்தும் எடுத்து வைத்தால், எது கடல்வழி வந்தது, எது ஆற்றுவழி வந்தது என்பதைப் படமே காட்டும்.

பொருள்களை இடம் மாற்றி அழகாக அடுக்கிவைத்து எடுக்காதீர்கள். காயப்போட்ட வலையும் கரையேற்றிய வள்ளமும் குப்பையல்ல, மீனவர்களின் உடைமை, வலையை மிதிக்காமல், "அண்ணா, படம் எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். படமெடுத்த பின் கையுறை அணிந்து, தூக்க முடிந்தவற்றைச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுவாருங்கள். ஊசியையும் உடைந்த மருந்துப் புட்டியையும் தொட வேண்டாம்.

படி 5: மீண்டும் அதே இடம்

பாலத்தின் கைப்பிடியில் ஓர் இடத்தைத் தேர்ந்து, மழைக்கு முன், பொழி உடைந்த மறுநாள், மாசி வெயிலில் என ஒரே கோணத்தில் எடுங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தேதியையும் இடத்தையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் நின்று ஒப்பிட அது உதவும்.