துபாய்க்கு முதல்முறை போகிறீர்களா? ஒரு திர்ஹாம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்

இறங்கியதுமே எல்லோரும் 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவைப் பார்க்கத்தான் ஓடுகிறார்கள். அது எங்கும் போகாது. முதல் மாலையைத் துபாய் கிரீக் என்னும் கழிமுகத்துக்குக் கொடுங்கள்; ஊர் பிறந்ததே அங்கேதான்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ சிவப்புத் தடம், யூனியனில் பச்சைத் தடத்துக்கு மாறி அல் ராஸில் இறங்குங்கள். மசாலாக் கடைவீதியில் ஏலமும் குங்குமப்பூவும் மணக்கும். அப்படியே நடந்தால் அப்ரா துறை. அப்ரா என்பது மரப்படகு. நடுவில் நீளப் பலகை, இரு பக்கமும் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். கைப்பிடி, தடுப்பு எதுவும் பெரிதாக இல்லை, குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். படகு நகர்ந்ததும் படகோட்டி கையை நீட்டுவார். கட்டணம் ஒரு திர்ஹாம். பெரிய நோட்டை நீட்டாதீர்கள், பாவம், அவர் சில்லறைக்கு எங்கே போவார்? சில நிமிடங்களில் பர் துபாய்க் கரை. அக்கரை இக்கரை இரண்டையும் நீர்மட்டத்திலிருந்து பார்ப்பது தனி அழகு.

அப்புறம் ஒன்று: மெட்ரோவுக்குள் தண்ணீர் குடிப்பதும் சூயிங்கம் மெல்வதும்கூட அபராதத்துக்குரியவை. கோடை என்றால் ஏறுவதற்கு முன்பே வயிறாரத் தண்ணீர் குடித்துவிடுங்கள்.