ஒரு மென்பொருள் கருவியை நிறுத்தும்போது அதன் பணிகளை எங்கே மாற்றுவது?

பழைய கருவி ஒன்றைக் கைவிட முடிவெடுத்தவுடன், அது செய்துவந்த பணிகள் அனைத்தையும் மூட்டையாகக் கட்டி ஒரே புதிய கருவியில் இறக்கிவைக்கத் தோன்றும். அந்த அவசரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு பணியையும் தனியே எடுத்து, அதை யார் பயன்படுத்துகிறார்கள், எந்தத் தரவைச் சார்ந்து அது இயங்குகிறது, இனி யார் பராமரிப்பார்கள் என்று பார்த்தால், அதற்குரிய இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். இவற்றில் கடைசிக் கேள்வியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஏனெனில், பொறுப்பேற்க ஆளில்லாத இடத்துக்குப் போகும் வசதி மெல்லப் பழுதாகிவிடும்.

எடுத்துக்காட்டாக, பைத்தான் என்னும் நிரல்மொழி, 2023 அக்டோபரில் வெளிவந்த 3.12 பதிப்பில், நிரல்களைத் தொகுத்து நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் என்னும் தொகுப்பை நீக்கியபோது, அதன் பணிகள் ஒரே இடத்துக்குச் செல்லவில்லை. நிரல் தொகுப்புகளை உருவாக்கும் பணிக்குச் செட்டப்டூல்ஸ் என்னும் தனிக் கருவியும், நிறுவல் அமைப்பு விவரங்களுக்குப் பைத்தானுடனேயே வரும் சிஸ்கான்ஃபிக் என்னும் கூறும், பதிப்பு எண்களை ஒப்பிடுவதற்குப் பேக்கேஜிங் என்னும் தனி நிரல் நூலகமும் பரிந்துரைக்கப்பட்டன. 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலேயே எச்சரிக்கை தரப்பட்டதால், மாறிக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசமும் கிடைத்தது.

யாரும் தொடாத பணியை மாற்றவே வேண்டியதில்லை. ஆனால், ஆண்டிறுதிக் கணக்கைப் போல அரிதாக இயங்குபவை ஒரு மாதப் பயன்பாட்டுப் பதிவில் தென்படாது என்பதால், குறைந்தது ஓராண்டுப் பதிவையாவது பார்த்தபின் முடிவெடுங்கள்.