ஓப்பனிங் புத்தகம் படிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

மாம்பலத்தில் எங்கள் மொட்டை மாடிக்கு ஞாயிறு மாலைகளில் பிள்ளைகள் நான்கைந்து பேர் செஸ் ஆட வருவார்கள். அவர்களில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், பிரெஞ்சு டிஃபென்ஸ் என்கிற ஓப்பனிங்கில் (ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் தொடக்க மூவ் வரிசை) பன்னிரண்டு மூவ் வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். போன மாதம் அதே ஓப்பனிங்கில் ராணியைப் பறிகொடுத்தான்.

நடந்தது இதுதான். அவன் கறுப்பு. (டி4, இ5 என்பதெல்லாம் கட்டங்களின் பெயர்: எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை. ‘குதிரை சி6’ என்றால் குதிரை அந்தக் கட்டத்துக்குப் போகிறது.) வெள்ளைச் சிப்பாய்கள் டி4, இ5-இல் சங்கிலியாக நின்றன. அந்தச் சங்கிலியின் அடி டி4. அதை இடிப்பதுதான் கறுப்பின் வேலை. சிப்பாய் சி5, குதிரை சி6, ராணி பி6 எல்லாமே அதற்காகத்தான். வெள்ளை பிஷப் டி3-க்கு வந்தது. டி4-இல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டன. இப்போது அங்கே நிற்கிற வெள்ளைச் சிப்பாய் சும்மா கிடைப்பதுபோலத் தெரியும். புத்தகம் கறுப்புக்குச் சொல்வதோ பிஷப் டி7. பரபரப்பில் அவன் குதிரையால் சிப்பாயை எடுத்தான். குதிரையைக் குதிரை வெட்ட, ராணியால் அதை வெட்டினான். உடனே வெள்ளை பிஷப் பி5-க்குப் போய் செக்! பிஷப் விலகியதும் டி1-இல் நின்ற வெள்ளை ராணிக்கு வழி திறந்துவிட்டது. டி4-இல் நின்ற கறுப்பு ராணி போச்சு.

“பிஷப் டி7 எனக்குத் தெரியும் அங்கிள், எதுக்குன்னுதான் தெரியல” என்றான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அத்தனை உழைப்பு! மூவை மட்டும் படித்துவிட்டு காரணத்தை விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒவ்வொரு மூவுக்கும் ‘இது எதைத் தாக்குகிறது, எதைத் தடுக்கிறது’ என்று கேட்டுப் பதில் கிடைத்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

புத்தகத்தில் வரி முடிகிற இடத்திலேயே நிறுத்துவது அடுத்த தவறு. 2013-இல் நம் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதிய உலக சாம்பியன்ஷிப்பின் 4-ஆவது ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். பெர்லின் டிஃபென்ஸ் என்கிற ஓப்பனிங், எட்டாவது மூவிலேயே ராணிகள் வெட்டுப்பட்டுவிட்டன. கறுப்பு ராஜா கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) செய்யவே முடியாது, சி வரிசையில் இரட்டைச் சிப்பாய் வேறு. பதிலுக்குக் கறுப்புக்கு இரண்டு பிஷப்பும் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த பிறகு வரும் இறுதிக்கட்ட ஆட்டம். அதைக் கடைசிவரை ஆடிப் பார்க்காதவருக்கு பெர்லின் புரியாது. ஒரு ஓப்பனிங்குக்குப் பத்து முழு ஆட்டமாவது போர்டில் வைத்துப் பாருங்கள். போனில் விரலால் தள்ளிப் பார்த்தால் கை வேகமாகப் போய்விடும், யோசனை பின்தங்கிவிடும்.

ஆரம்பத்திலேயே கிளை கிளையாக வேரியேஷன் (மாற்று மூவ் வரிசைகள்) நிரம்பிய தடிப் புத்தகத்தை வாங்க வேண்டாம். பத்தி பத்தியாக விளக்கம் இருக்கிற மெல்லிய புத்தகம் போதும்.

அப்புறம், படித்ததை எதிரே ஒரு ஆளை உட்கார வைத்து ஆடிப் பார்க்க வேண்டும். 1972-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் இங்கே சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் பெரியவர்களோடு ஆடிப் பழகினார். ஒரு தோல்வியைப் பார்த்ததும் ஓப்பனிங்கை மாற்றிவிடாதீர்கள். ராணி போன அந்தப் பையனிடமும் இதைத்தான் சொன்னேன். இப்போது அவன் ஒவ்வொரு மூவுக்குப் பக்கத்திலும் பென்சிலால் காரணம் எழுதுகிறான். பிஷப் டி7-க்குப் பக்கத்தில் இருப்பது: ‘பி5 செக்கை அடைக்க. இதுக்கப்புறம்தான் டி4-ஐ எடுக்கணும்.’