மைதானத்தில் கணுக்கால் பிரண்டால் எலும்பா, நாரா என்று பார்ப்பது எப்படி?

வன்னிப் பாடசாலை மைதானங்கள் பல மாரியில் பள்ளம் விழுந்து, பிறகு அப்படியே இறுகிவிடும். இல்ல விளையாட்டுப் போட்டிகளும் அந்தக் காலத்தில்தான் வருகின்றன. ஓடும் பிள்ளையின் பாதம் உட்பக்கமாக மடங்கினால், கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்கள் இழுபடும் அல்லது கிழியும். கரப்பந்தாட்டத்தில் வலையருகே இன்னொருவரின் பாதத்தின் மேல் இறங்கும்போதும் இதேதான் நடக்கிறது. அப்போது பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்கும் அணித்தலைவருக்கும் இதை எழுதுகிறேன்.

படி 1: தூக்கி நிறுத்தாதீர்கள். சப்பாத்தைக் கழற்றிப் பாருங்கள். கால் கோணியிருந்தால், எலும்பு தெரிந்தால், விரல்கள் குளிர்ந்து மரத்திருந்தால் காலை அசைக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள்.

படி 2: விரலால் அழுத்திப் பாருங்கள். இந்தப் பதிவில் மிக முக்கியமானது இதுதான். 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வெளியிட்ட விதி இது. கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் நுனியையும், அங்கிருந்து மேலே 6 செ.மீ. வரை அவற்றின் பின்விளிம்பையும் அழுத்துங்கள். அடுத்து, பாதத்தின் வெளியோரத்தில் நடுப்பகுதியில் தட்டுப்படும் எலும்பு மேடு. கடைசியாக, உட்புற வளைவின் மேலே இருக்கும் எலும்பு. இவற்றில் எங்காவது எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே தேவை. நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும் தேவை. இரண்டும் இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக்கோ, நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்கோ போய் வந்தால் கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. ஆகவே இந்த விதியைத் தெரிந்திருப்பது அவர்களுக்குச் செய்யும் உதவி. ஆனால் வளரும் பிள்ளைகளில் எலும்பின் வளர்முனை (எலும்பு நீளமாக வளரும் இடம்) நாரைவிட எளிதில் சேதமடையும். சந்தேகம் வந்தால் போகத்தான் வேண்டும்.

படி 3: ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம். இழுபடும் பண்டேஜைக் கால்விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். விரல் வெளுத்தால் தளர்த்துங்கள். முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் பூசி உருவுவதும் சூட்டு ஒத்தடமும் வேண்டாம். அவை வீக்கத்தைக் கூட்டும். எலும்பு முறிந்திருந்தால் உருவும்போது விலகியும் போகலாம். பரம்பரை வைத்தியரிடம் போவதானாலும் எக்ஸ்ரே பார்த்த பிறகு போங்கள்.

படி 4: ஐந்தாம் நாள் அளவில் மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கம் வற்றிய பிறகே நாரின் தளர்வு தெளிவாகத் தெரியும். அதுவரை படுத்தே கிடக்க வேண்டியதில்லை. வலி தாங்கும் அளவுக்கு நடக்கலாம். காலின் பெருவிரலால் காற்றில் அ, ஆ எழுதச் சொல்லுங்கள்.

படி 5: நம் பிள்ளைகள் பெரும்பாலும் இதைச் செய்வதே இல்லை என்பதுதான் என் கவலை. நார் காயப்பட்டால் பாதம் எப்படி நிற்கிறது என்று உணரும் திறனும் குறைகிறது. வலி போன பிறகும் கால் திரும்பத் திரும்பப் பிரளுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். வீக்கம் வற்றியதும் குதியை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்பது, பிறகு கண்ணை மூடி நிற்பது என்று தினமும் செய்ய வேண்டும். நேராக ஓடவும், சட்டென்று திரும்பவும், அடிபட்ட காலில் மற்றக் காலைப் போலவே வலியின்றித் துள்ளவும் முடிந்தால் அணியில் சேருங்கள். இலேசான சுளுக்குக்கு ஓரிரு வாரம் போதும். நார் கிழிந்திருந்தால் மாதக்கணக்காகலாம்.

முழங்காலுக்கு இந்த விதி பொருந்தாது. திரும்பும்போது 'டக்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்திற்குள் முழங்கால் வீங்கினால் உள்ளேயிருக்கும் நார் அறுந்திருக்கலாம். எக்ஸ்ரே நாரைக் காட்டாது. எலும்பில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினாலும், எலும்பு மூட்டுச் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.