துணை அமெரிக்க சிட்டிசனா? வழி தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் நேர்காணல் மும்பையில்தான், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். அதனால் செம்பூர், மாட்டுங்கா தமிழ் வீடுகளுக்கு மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் சொந்தக்காரர்கள் ஃபைலும் கையுமாக வந்து தங்குவது வழக்கம். அந்த ஃபைலைப் புரட்டினால், ஆரம்பத்தில் தப்பான வழியில் போனதால் வந்த சிக்கல் பல நேரம் கண்ணில் படும்.

கணவனோ மனைவியோ சிட்டிசன் என்றால் சட்டம் தரும் சலுகை பெரியது. வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இல்லை. கம்பெனி வழியாக விண்ணப்பித்த இந்தியர்கள் வருஷக்கணக்கில் நிற்கும் வரிசையும் இல்லை. முதலில் துணைக்காக சிட்டிசன் போடும் ஐ-130 மனு, அப்புறம் கட்டணமும் ஆவணங்களும் வாங்கிச் சரிபார்க்கும் தேசிய விசா மையம், கடைசியில் நேர்காணல். ஆனாலும் இதற்கு ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகலாம். அதைப் பொறுக்க முடியாமல்தான் குறுக்கு வழி தேடுகிறார்கள்.

"டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கிடு, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று சொல்ல வீட்டுக்கு ஒரு மாமா இருப்பார். தயவுசெய்து கேட்காதீர்கள். தங்கிவிடும் எண்ணத்தை மறைத்து, சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னது தெரிந்தால் அது பொய்த்தகவல் குற்றம். அதற்கு வாழ்நாள் தடை வரலாம். விலக்கு கேட்க வழி உண்டு, ஆனால் அது தனிப் போராட்டம். உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று டூரிஸ்ட் விசா படிவமே கேட்கிறது. அதில் 'இல்லை' என்று போட்டுவிடலாம் என நினைப்பது தற்கொலைக்குச் சமம். படிக்கவோ வேலைக்கோ முறையாகப் போய், அங்கே சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அங்கிருந்தே விண்ணப்பிப்பது வேறு கதை.

அடுத்தது கே-1. இது வருங்காலக் கணவன் மனைவிக்கான விசா. அமெரிக்காவில் இறங்கியதிலிருந்து 90 நாளுக்குள் அங்கே கல்யாணம் செய்ய வேண்டும். நம் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கோயிலில் தாலி கட்டியாச்சு, ரிஜிஸ்டர் மட்டும் பண்ணவில்லை, அதனால் இன்னும் கல்யாணம் ஆகாத கணக்குதானே என்பார்கள். இல்லை. இந்து திருமணச் சட்டப்படி பதிவு செய்யாததால் மட்டும் கல்யாணம் செல்லாமல் போகாது. சடங்கு முடிந்துவிட்டால் நீங்கள் தம்பதி, கே-1 உங்களுக்கு இல்லை. நிச்சயதார்த்தத்திலேயே மாலை மாற்றி, பட்டுப்புடவையில் எடுத்த படங்களை வைத்து அதிகாரி துருவித் துருவிக் கேட்கவும் கூடும். கல்யாணம் முடிந்திருந்தால் பதிவு செய்து, நேராக ஐ-130 போடுங்கள்.

குழந்தை இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. கிரீன் கார்டில் (நிரந்தரமாகத் தங்கும் உரிமையில்) இருந்தபோது கணவர் மனைவிக்கு மனு போட்டிருந்தால், பிள்ளையும் அதிலேயே சேர்ந்து வரலாம். அவர் சிட்டிசன் ஆனதும் மனைவி வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் பிள்ளைக்கு அந்தத் தொற்றிக்கொள்ளும் உரிமையும் போய்விடும். பிள்ளைக்குத் தனி ஐ-130 வேண்டும். முதல் கல்யாணத்துப் பிள்ளை என்றால், உங்கள் மறுமணம் அந்தப் பிள்ளைக்கு 18 வயது ஆகும் முன் நடந்திருக்க வேண்டும்.

சிட்டிசன் துணையே இங்கே மும்பையில் வேலை பார்க்கிறார் என்றால், வருகிறவரின் செலவுக்குப் பொறுப்பேற்கும் ஐ-864 ஸ்பான்சர் படிவத்தில் சிக்கல் வரும். பொதுவாக அமெரிக்க வறுமைக்கோட்டில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். குறைந்தால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராக நிற்கலாம். ஆனால் அமெரிக்காவில் குடியிருப்பு இருப்பதையோ, திரும்பிப் போய்க் குடியேறப் போவதையோ துணைதான் நிரூபிக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தாலும் சிட்டிசன்களுக்கு அமெரிக்க வரிக் கணக்குக் கடமை உண்டு. தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கல்யாணமாகி 2 வருஷம் முடியும் முன் அமெரிக்காவுக்குள் நுழைந்தால் கிடைப்பது 2 வருட நிபந்தனை கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்க மறுபடி ஒரு மனு, மறுபடி கட்டணம். விசா கிடைத்து, கல்யாணமாகி 2 வருஷம் முடியும் நாளும் அதன் செல்லுபடிக் காலத்துக்குள் வருகிறதென்றால், இந்த நிபந்தனையைத் தவிர்க்க, அந்த நாள் கழிந்த பிறகு போய் இறங்கும்படி டிக்கெட் போடுங்கள். இறங்கியதும் அதிகாரியிடம் கல்யாணத் தேதியைச் சொல்லுங்கள்.