வெந்தய எண்ணெய்: பெயர் ஒன்று, பொருள் மூன்று

வெந்தய எண்ணெய் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் வாங்குவதே மற்றத் தவறுகள் பலவற்றுக்கும் வேர். தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ வெந்தயத்தை இட்டுக் காய்ச்சியது ஒன்று. விதையின் கொழுப்பைப் பிரித்தெடுத்தது மற்றொன்று. விதை எடையில் அது ஏறத்தாழ 6 முதல் 8 விழுக்காடு இருக்கும். மூன்றாவதுதான் நீராவியால் வடித்தெடுக்கும், ஆவியாகும் மணக்கூறுகளை மட்டும் கொண்ட நறுமண எண்ணெய். வெந்தயத்தில் இது 0.02 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், 100 கிலோ விதையிலிருந்து 20 கிராம்கூடத் தேறாது. எனவே பெரிய புட்டியில் மலிவாகக் கிடைப்பதைத் தூய நறுமண எண்ணெய் என்று நம்பிவிடக் கூடாது. நறுமண எண்ணெயை (essential oil) 'அத்தியாவசிய எண்ணெய்' என்று அச்சிடுவதும் பிழையே; அது மணத்தின் சாரம், உடலுக்கு இன்றியமையாதது என்ற பொருளில் வழங்கும் பெயர் அன்று.

விதையின் பயன்கள் எல்லாம் அதன் மண எண்ணெயிலும் இருக்கும் என்று எண்ணுவது அடுத்த தவறு. ஊறிய வெந்தயத்தைக் கொழகொழப்பாக்கும் நார்ச்சத்தும், இரத்தச் சர்க்கரையோடு தொடர்புபடுத்தி ஆராயப்படும் அமினோ அமிலமும் நீராவியோடு எழுந்து வருபவை அல்ல. சர்க்கரை நோய்க்கென்று இந்த எண்ணெயை அருந்துவதில் பயன் எதிர்பார்க்க இடமில்லை. செறிவான நறுமண எண்ணெய் எதையும் மருத்துவர் சொல்லாமல் அருந்துவதே ஆபத்தானது.

வெந்தயத்தின் மணத்துக்கு முதன்மைக் காரணமான சோடோலோன் என்ற வேதிப்பொருள், மிகச் சிறிய அளவிலேயே மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிய இனிப்புப் பாகைப் போல மணக்கும். நியூயார்க்கில் 2005 முதல் அவ்வப்போது பரவிய இனிப்பு வாடைக்கு, அண்டை மாநிலமான நியூ ஜெர்சியில் வெந்தய விதையைப் பதப்படுத்திய ஆலையே காரணம் என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய பொருளைத் தாராளமாக ஊற்றினால் மணம் திகட்டுவதோடு தோலும் எரியக்கூடும். ஒரு விழுக்காட்டுக் கலவைக்கு, 15 மில்லி தேங்காய் எண்ணெயில் மூன்று துளிகள் போதும். அதையும் முதலில் முன்கையில் சிறிது தடவி ஒரு நாள் காத்திருந்து பார்க்க வேண்டும்.

வெந்தயம் பயறு இனத்தைச் சேர்ந்தது. வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். கர்ப்பிணிகள் இந்த நறுமண எண்ணெயைத் தவிர்ப்பதே நல்லது.

வீட்டில் காய்ச்சுபவர்கள் ஊறவைத்த வெந்தயத்தை ஈரத்தோடு இட்டு, நீர் வற்றுமுன் இறக்கிவிடுவதுண்டு. தங்கிய ஈரத்தால் எண்ணெய் விரைவில் கெடும். தீயைக் கூட்டினாலோ விதை கருகிக் கசந்த வாடை ஏறிவிடும். சிறுதீயில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி, ஆறிய பிறகு வடிகட்டி, நிறமேறிய கண்ணாடிப் புட்டியில் வெயில் படாமல் வைக்க வேண்டும்.